பளபளக்கும் டயர் எல்லாம் நல்ல டயரா? டயர் பாலிஷ் வாங்குவது முதல் போடுவது வரை

ஞாயிற்றுக்கிழமை காலை. மதுராந்தகத்தில் ஜிஎஸ்டி சாலையை ஒட்டிய ஒரு வாட்டர் சர்வீஸ் கடை. சென்னையிலிருந்து ஊருக்கு வந்த இரண்டு கார், சேற்றோடு நிற்கும் ஒரு டிராக்டர், காய்கறி இறக்கிவிட்டு வந்த ஒரு மினி வேன். நுரை அடித்து, தண்ணீர் பீய்ச்சி, துணியால் துடைத்து முடித்ததும் கடைப் பையன் கையில் ஒரு பாட்டிலோடு வந்து கேட்பார்:

"சார், டயர் பாலிஷ் போட்டுடவா?"

நாமும் போனிலிருந்து தலையைத் தூக்காமலே "ம்... போடுங்க" என்போம். இரண்டே நிமிடம். மண் நிறத்தில் இருந்த நான்கு டயரும் கடையில் இப்போதுதான் வாங்கியது மாதிரி கருகருவென்று மின்னும். காரே புதுசான மாதிரி ஒரு சந்தோஷம்.

அந்தப் பாட்டிலில் என்ன இருந்தது? அது டயருக்கு நல்லதா, கெட்டதா? அடுத்த நாள் கார் கதவோரம் கறுப்புப் புள்ளிகள் ஏன் வந்தன? எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பளபளப்புக்கு அடியில் டயர் எப்படி இருக்கிறது? இதையெல்லாம் நாம் கேட்பதே இல்லை. பத்து நிமிடம் ஒதுக்கித் தெரிந்துகொண்டால் காசும் மிச்சம், பாதுகாப்பும் நிச்சயம்.

டயர் பாலிஷ் என்பது என்ன?

பெயர்தான் பாலிஷ். ஷூ பாலிஷ் போலத் தேய்த்து மெருகேற்றும் பொருள் இல்லை இது. டயரின் பக்கச்சுவரில், அதாவது மெக்கானிக்குகள் 'சைடு வால்' என்று சொல்லும் பகுதியில், ஒரு மெல்லிய படலத்தைப் பரப்பும் திரவம் அல்லது ஜெல். கார் டீடெய்லிங் செய்பவர்கள் இதை 'டயர் டிரெஸ்ஸிங்' என்பார்கள். டயருக்குச் சட்டை போடுவது மாதிரிதான். சட்டை அழகாக இருக்கலாம். உள்ளே இருக்கும் உடம்பின் ஆரோக்கியத்தை அது மாற்றாது. இந்தக் கட்டுரையில் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரே விஷயம் இதுதான் என்றாலும் தப்பில்லை.

கறுப்பு டயர் ஏன் பழுப்பாகிறது?

ரப்பரின் இயல்பான நிறம் கறுப்பு இல்லை. தொடக்க காலத்து மோட்டார் டயர்கள் வெளுத்த நிறத்தில்தான் இருந்தன. 1898-ல் பிறந்த மிஷ்லின் நிறுவனத்தின் டயர் பொம்மை இன்றும் வெள்ளையாக இருப்பதற்கு அதுதான் காரணம். பிறகு 'கார்பன் பிளாக்' எனும் நுண்ணிய கரித்தூளை ரப்பரில் கலந்தபோது டயரின் உறுதி கூடியது, தேய்மானம் குறைந்தது, வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் திறனும் வந்தது. கூடவே கறுப்பு நிறமும் ஒட்டிக்கொண்டது.

ரப்பருக்கு வெயிலைப் போலவே இன்னொரு எதிரி உண்டு: காற்றில் இருக்கும் ஓசோன். அது ரப்பரின் வேதிப் பிணைப்புகளை அறுத்து, பக்கச்சுவரில் மெல்லிய விரிசல்களை உண்டாக்கும். இதைத் தடுக்க, டயர் தயாரிக்கும்போதே ஒரு வகை மெழுகையும், '6பிபிடி' போன்ற ஓசோன் எதிர்ப்பு வேதிப்பொருளையும் ரப்பருக்குள் கலந்துவிடுகிறார்கள். வண்டி ஓட ஓட, டயர் வளைந்து நெளிய நெளிய, இவை உள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேற்பரப்புக்கு வந்து ஒரு காப்புப் படலம் போட்டுக்கொள்ளும். அங்கே காற்றோடு வினைபுரியும்போது பழுப்பு நிறம் அடையும்.

ஆக, உங்கள் டயரில் தெரியும் பழுப்பு எல்லாம் அழுக்கு இல்லை. அதில் ஒரு பங்கு, டயர் தன்னைத் தானே காத்துக்கொண்டதற்கான அடையாளம். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திவைத்த காரின் டயர் சீக்கிரம் விரிசல் விடுவதற்கும் இதுவே காரணம். ஓடினால்தான் மெழுகு மேலே வரும்.

எத்தனை வகை இருக்கிறது?

சந்தையில் எத்தனையோ பெயரில் வந்தாலும், அடிப்படையில் மூன்று வகைதான்.

முதலாவது, தண்ணீர் அடிப்படையிலானது. சிலிகான் அல்லது பாலிமரைத் தண்ணீரில் நுண்துளிகளாகக் கலந்திருப்பார்கள். பெரும்பாலும் பால் போல வெள்ளையாக இருக்கும். போட்டால் கண்ணைப் பறிக்கும் மினுமினுப்பு வராது. புது டயருக்கு உள்ள மாதிரி அடங்கிய கறுப்பு வரும். தொட்டால் கையில் பிசுபிசுப்பு குறைவு, தூசி ஒட்டுவதும் குறைவு. குறை என்னவென்றால், நல்ல மழையில் சீக்கிரம் போய்விடும். ஓரிரு வாரத்தில் திரும்பப் போட வேண்டியிருக்கும்.

இரண்டாவது, பெட்ரோலியக் கரைப்பான் அடிப்படையிலானது. சிலிகான் எண்ணெயை மண்ணெண்ணெய் போன்ற பெட்ரோலியக் கரைப்பானில் கரைத்திருப்பார்கள். தெளிவாக, கொழகொழவென்று, பெட்ரோல் வாசனையோடு இருக்கும். 'ஈரமான' பளபளப்பு இதில்தான் கிடைக்கும். மழைக்கும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனால் பிசுபிசுப்பு அதிகம். நம்ம ஊர் ரோட்டுத் தூசியைக் காந்தம் மாதிரி இழுக்கும். கரைப்பான்கள் டயரின் மேற்பரப்பில் உள்ள காப்பு மெழுகைக் கரைத்துவிடக்கூடும் என்பதுதான் இதன்மேல் சொல்லப்படும் முக்கியக் குற்றச்சாட்டு. சிலிகான் ரப்பருக்கு எதிரி இல்லை. கூட வரும் கரைப்பான்தான் கவலை.

மூன்றாவது, கோட்டிங் வகை. டயரை நன்றாகச் சுத்தம் செய்து, உலரவைத்துப் பூச வேண்டியது. விலை அதிகம், உழைப்பும் அதிகம். ஆனால் காய்ந்தபின் கையில் ஒட்டாது, மாதக்கணக்கில் நிற்கும். கார் மேல் பைத்தியமாக இருப்பவர்களுக்கு ஓகே. ஆபீஸ் போய் வர மட்டும் கார் வைத்திருப்பவர்களுக்கு அவசியம் இல்லை.

டீசல் தடவினால் என்ன?

கிராமத்துப் பக்கம் இது இன்னமும் நடக்கிறது. டயர் கறுப்பாகத் தெரியணும்னு டீசல், மண்ணெண்ணெய், பழைய எஞ்சின் ஆயில் என்று கையில் கிடைப்பதைத் துணியில் தொட்டுத் தடவிவிடுவார்கள். ஆயுத பூஜை அன்று வண்டிகளைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைப்பதற்கு முன் இந்தச் 'சிகிச்சை' நடப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

செய்யவே கூடாது. டயரில் இருக்கும் ரப்பர், பெட்ரோலிய எண்ணெயை உறிஞ்சி உப்பும் தன்மை கொண்டது. உப்பிய ரப்பர் மிருதுவாகி வலுவை இழக்கும். அன்றைக்குக் கறுப்பாகத் தெரியும்; சில மாதத்தில் வெளிறி, விரிசல் விட்டு நிற்கும். ஷூ பாலிஷ், கிரீஸ் எல்லாமே தவிர்க்க வேண்டிய பட்டியல்தான். "தேங்காய் எண்ணெய் இயற்கைதானே?" என்று கேட்கலாம். தூசி அப்பிக்கொள்வதைத் தவிர அதனால் டயருக்குப் பெரிய பயன் ஒன்றும் இல்லை. தலைக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

டயர் நிறுவனங்கள் பொதுவாகச் சொல்லும் பராமரிப்பு ரொம்ப எளிமையானது: மிதமான சோப்பு, தண்ணீர், பிரஷ். இந்த மூன்றையும் ஒழுங்காகப் பயன்படுத்தினாலே டயர் முக்கால்வாசி கறுப்பாகிவிடும்.

வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

3எம், மெகுவியர்ஸ், டர்டில் வாக்ஸ், வேவெக்ஸ் என்று ஆன்லைனில் நிறையப் பெயர்கள் கிடைக்கின்றன. ஒரே பிராண்டிலேயே இரண்டு மூன்று வகை இருக்கும் என்பதால் பிராண்டைப் பார்ப்பதைவிட லேபிளைப் படிப்பது நல்லது.

'தண்ணீர் அடிப்படையிலானது' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தீப்பிழம்புக் குறியும், எளிதில் தீப்பற்றும் என்ற எச்சரிக்கையும் இருந்தால் அது கரைப்பான் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்பிரே டின்னில் வருவதில் உந்துவாயுவுக்காகவும் இந்த எச்சரிக்கை இருக்கும். அந்த டின்னை மே மாத வெயிலில் டிக்கியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

லேபிளே இல்லாத கேனிலிருந்து ஊற்றுகிறார்களா? ஒரு டம்ளர் தண்ணீரில் சில சொட்டு விட்டுப் பாருங்கள். பால் மாதிரி கலந்தால் தண்ணீர் வகை. எண்ணெய் மாதிரி மேலே மிதந்தால் கரைப்பான் வகை. வாட்டர் சர்வீஸ் கடையில் இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். "அண்ணே, இது வாட்டர் பேஸா, ஆயில் பேஸா?" என்று ஒரு வார்த்தை. கடைக்காரருக்கே தெரியாவிட்டால், "பாலிஷ் வேணாம்ணே, டயரை மட்டும் நல்லா பிரஷ் போட்டுக் கழுவிடுங்க" என்று சொல்லிவிடலாம்.

ஸ்பிரேயா, ஜெல்லா? வீட்டில் நீங்களே போடுவதாக இருந்தால் ஜெல் அல்லது திரவத்தை ஸ்பாஞ்சில் எடுத்துப் போடுவதுதான் பாதுகாப்பு. ஸ்பிரே பாதி டயரிலும் மீதி பிரேக்கிலும் தரையிலும் போய்ச் சேரும்.

போடும் முறை: படிப்படியாக

1. நிழலில் நிறுத்துங்கள். ஓட்டி வந்த உடனே வேலையை ஆரம்பிக்காமல், டயரும் வீலும் ஆறும்வரை காத்திருங்கள். சூடான டயரில் பாலிஷ் திட்டுத்திட்டாகக் காயும்.

2. முதலில் வீல், பிறகு டயர், கடைசியாக பாடி என்ற வரிசையில் கழுவுங்கள். டயர் சேறு தெறித்து, கழுவின கதவை மறுபடி கழுவ வேண்டி வராது.

3. கார் ஷாம்பூ அல்லது மிதமான கிளீனரை டயரில் விட்டு, கடினமான பிரஷ்ஷால் பக்கச்சுவரைத் தேயுங்கள். முதலில் வரும் நுரை பழுப்பாக இருக்கும். அலசிவிட்டு மறுபடி தேயுங்கள். நுரை கிட்டத்தட்ட வெள்ளையாக வரும்போது நிறுத்திவிடலாம். பழைய பாலிஷ் மேலேயே புது பாலிஷ் போட்டால் அது பிடிக்காது. இதுதான் எல்லோரும் தாண்டிப்போகும் படி. பாதி வேலையே இதில்தான் இருக்கிறது.

4. முழுசாக உலரவிடுங்கள். துணியால் துடைத்தபின் ஒரு பத்து நிமிடம். எழுத்துகளின் இடுக்கில் தண்ணீர் நின்றால் பாலிஷ் ஒட்டாமல் வழியும்.

5. ஸ்பாஞ்சில் ஒரு டீஸ்பூன் அளவு எடுத்து, பக்கச்சுவரில் மட்டும் வட்டமாக, மெல்லிசாகப் பரப்புங்கள். போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம். வழியும் அளவுக்குப் போட்டால் அழகு கூடாது, கறைதான் கூடும்.

6. ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டு, உலர்ந்த பழைய துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். மினுமினுப்பு கொஞ்சம் குறையும். கறுப்பு அப்படியே நிற்கும்.

7. உடனே கிளம்பாதீர்கள். அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் காய விடுங்கள். பாட்டிலில் வேறு நேரம் போட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். முந்தின நாள் சாயங்காலம் போட்டுவிட்டு மறுநாள் காலையில் வண்டியை எடுப்பது இன்னும் உத்தமம்.

கதவில் கறுப்புப் புள்ளி எங்கிருந்து வருது?

ஒரு சின்னக் கணக்கு. 195/65 ஆர்15 அளவு டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். ஜிஎஸ்டி சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போகும்போது அது ஒரு நொடிக்குச் சுமார் 11 முறை சுழல்கிறது. அப்போது பக்கச்சுவரில் இருக்கும் ஒரு சொட்டு பாலிஷை வெளியே வீசுகிற விசை, அந்தச் சொட்டின் எடையைப் போல 100 மடங்குக்கும் மேல்! காயாத பாலிஷ் ஒட்டிக்கொண்டிருக்க வழியே இல்லை. சக்கரத்தின் பின்பக்கமாகப் பறந்து கதவிலும் பம்பரிலும் கோடு கோடாகத் தெறிக்கும். வெள்ளைக் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த வலி தெரியும்.

தெறித்துவிட்டால்? வெயிலில் காய்வதற்குள் ஷாம்பூ தண்ணீரால் மெதுவாகத் துடையுங்கள். உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் தூசியோடு சேர்ந்து கீறல் விழும். இன்னொன்று: டிங்கரிங், பெயின்டிங் வேலைக்கு வண்டியை விடப்போகிறீர்கள் என்றால், அதற்கு முன் டயர் பாலிஷ் போடாதீர்கள். சிலிகான் பட்ட இடத்தில் புது பெயின்ட் ஒட்டாமல் குட்டிக் குட்டிப் பள்ளமாக விலகிக்கொள்ளும்.

போடவே கூடாத இடங்கள்

டயர் ரோட்டைத் தொடும் பகுதி, அதாவது 'பட்டன்' இருக்கும் இடம். இங்கே வழுக்கும் படலம் ஒன்று இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. முதல் பிரேக்கிலேயே தெரிந்துவிடும்.

பிரேக் டிஸ்க், பேடு. ஸ்பிரே அடிக்கும்போது வீலின் இடைவெளி வழியாக உள்ளே போய்விடும். பேடு எண்ணெயைக் குடித்தால் பிடிப்பு போய்விடும்.

பைக், ஸ்கூட்டர் டயர்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கார் நேராக நின்று திரும்பும்; பைக் சாய்ந்து திரும்பும். சாயும்போது டயரின் ஓரம்தான் ரோட்டைப் பிடிக்கிறது. அங்கே பாலிஷ் இருந்தால் பிடி நழுவும். இசிஆரில் வார இறுதி ரைடு போகும் முன் "பைக்கும் பளபளன்னு இருக்கட்டும்" என்று டயரில் பாலிஷ் போடுவது விபத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது மாதிரி. பைக் டயருக்குச் சோப்புத் தண்ணீர் மட்டும் போதும்.

கார் பெடல், தரை மேட், ஸ்டீயரிங் ஆகியவற்றிலும் இதே பாட்டிலை நீட்டாதீர்கள். சிலர் மிச்சம் இருக்கிறதே என்று பெடலுக்கும் தடவிவிடுகிறார்கள். கால் வழுக்கினால் அவ்வளவுதான்.

பாலிஷுக்கு முன் ஐந்து நிமிடம்: டயரைப் 'படியுங்கள்'

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். சுத்தமாகக் கழுவிய, இன்னும் பாலிஷ் போடாத டயர் உண்மையைப் பேசும். நீங்கள் மண்டியிட்டு உட்கார்ந்து நான்கு டயரையும் கிட்டத்தில் பார்க்கும் ஒரே நேரமும் அதுதான். அந்த நேரத்தில் கீழே உள்ளவற்றைப் பார்த்துவிடுங்கள்.

தயாரிப்புத் தேதி: பக்கச்சுவரில் 'டிஓடி' என்று ஆரம்பிக்கும் எழுத்து வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம், அதாவது ஜூன் மாதம். வெளிப்பக்கம் காணவில்லை என்றால் உள்பக்கம் இருக்கும். ஐந்து ஆண்டு தாண்டிவிட்டால் ஆண்டுக்கு ஒருமுறை டயர் கடையில் காட்டிப் பரிசோதிப்பது நல்லது. எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் பத்து ஆண்டுக்கு மேல் ஓட்ட வேண்டாம் என்று டயர் நிறுவனங்களே சொல்கின்றன. ஆறு ஆண்டிலேயே மாற்றச் சொல்லும் கார் நிறுவனங்களும் உண்டு. ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான். ஓடாமலே கிழடாகிவிடும் டயர் அது.

பட்டன் ஆழம்: பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் குறுக்காகச் சின்ன மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மி.மீ. பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் அது மொட்டை டயர், மாற்றியே ஆகணும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டுபவர்கள் அதுவரை காத்திருக்காமல், 3 மி.மீ. அளவிலேயே புது டயருக்குத் திட்டமிடுவது புத்திசாலித்தனம். பள்ளம் ஆழமாக இருந்தால்தான் தேங்கிய தண்ணீரை டயரால் ஒதுக்கித் தள்ள முடியும்.

விரிசல்: பக்கச்சுவரில், எழுத்துகளைச் சுற்றி, பட்டன்களின் அடியில் நகத்தால் வருடிப் பாருங்கள். தலைமுடி போல மெல்லிய கோடுகள் வயதின் ஆரம்ப அறிகுறி. நகம் உள்ளே இறங்கும் அளவுக்கு இருந்தால் உடனே டயர் கடைக்குப் போங்கள்.

புடைப்பு: குழியிலோ நடைபாதைக் கல்லிலோ மோதியதில் உள்ளே இழை அறுந்தால், பக்கச்சுவரில் ஒரு கட்டி மாதிரி வீங்கும். இதற்கு ஒட்டும் கிடையாது, வைத்தியமும் கிடையாது. டயரை மாற்றுவது மட்டுமே வழி.

காற்று: டிரைவர் பக்கக் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உங்கள் காருக்கான அளவு இருக்கும். டயரின் மேல் அச்சிட்டிருக்கும் எண் உச்சபட்ச அளவு. அதை அடிக்கச் சொல்லாதீர்கள். காலையில் வண்டி ஓடுவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது பார்ப்பதுதான் சரியான கணக்கு.

காற்றுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? நெடுஞ்சாலையில் டயர் வெடித்தால், "வெயில் தாங்காமல் வெடிச்சிடுச்சு" என்று பொதுவாகச் சொல்கிறோம். வெயில் ஒரு பங்குதான். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. மடங்க மடங்கச் சூடு. அக்னி நட்சத்திர வெயிலில் கொதிக்கும் ரோடு, ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானும், நிறுத்தாமல் அதிவேகம் எல்லாம் சேரும்போது ரப்பருக்கும் உள்ளே உள்ள இழைகளுக்கும் இடையிலான பிடிப்பு விட்டுப்போகிறது. ஏற்கெனவே விரிசல் விட்ட பழைய டயர் என்றால் கேட்கவே வேண்டாம். எந்தப் பாலிஷும் இதைத் தடுக்காது. மாறாக, அந்த விரிசலை உங்கள் கண்ணிலிருந்து மறைக்கும்.

பழைய கார் வாங்கப் போகிறீர்களா?

அப்படியென்றால் இந்தப் பகுதி உங்களுக்குத்தான். முதல் வேலை, முதல் கார். பட்ஜெட் காரணமாக செகண்ட் ஹேண்ட். விற்பவர் காட்டும் காரில் டயர் நான்கும் ஜொலிக்கும். "டயர் எல்லாம் புதுசு சார்" என்பார். ஜொலிப்பை விட்டுவிடுங்கள். ஈரத்துணி ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கச்சுவரைத் துடைத்துப் பாருங்கள். அந்த நான்கு இலக்கத்தைத் தேடுங்கள். நான்கு டயரின் தேதியும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா? காரின் ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு ஆண்டைவிட டயர் ரொம்பப் பழசாக இருந்தால், வேறு வண்டியில் ஓடிய டயரை மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு பக்கம் மட்டும் பட்டன் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட்டிலோ சஸ்பென்ஷனிலோ கோளாறு இருக்கலாம்.

நான்கு டயரும் மாற்ற வேண்டியிருந்தால் அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லிப் பேசுங்கள். பேரம் படியவில்லை என்றாலும் பரவாயில்லை. குறைந்தபட்சம் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குவீர்கள்.

கழுவின தண்ணீர் எங்கே போகுது?

ஏரியைக் காத்த ராமர் கோயிலைக் கொண்ட ஊர் மதுராந்தகம். செங்கல்பட்டு மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று இங்கே இருக்கிறது. நிரம்பினால் உபரி நீர் கிளியாற்றில் இறங்கும். ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் வண்டி கழுவும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு.

டயரில் இருக்கும் 6பிபிடி பற்றி மேலே சொன்னோம் அல்லவா? அது ஓசோனோடு சேரும்போது உருவாகும் ஒரு பொருள், டயர் தேய்ந்த துகள்கள் வழியாக மழைநீரில் கலந்து, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்களைக் கொன்றுவந்ததை 2020 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு கண்டறிந்தது. ரோட்டில் தேயும் டயரை நம்மால் நிறுத்த முடியாது. ஆனால் சோப்பு, பாலிஷ், எண்ணெய் கலந்த கழிவுநீரை நேராக நீர்நிலையில் விடாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. தண்ணீர் மண்ணில் வடியும் இடத்திலோ, கழிவுநீர்த் தொட்டி வைத்திருக்கும் சர்வீஸ் கடையிலோ கழுவுங்கள். கரைப்பான் வகையைத் தவிர்க்க இது இன்னொரு காரணம்.

அடிக்கடி கேட்கப்படும் சில கேள்விகள்

எத்தனை நாளைக்கு ஒருமுறை போடலாம்? கார் கழுவும்போது, மாதம் ஒன்றிரண்டு முறை போதும். போடாமலே விட்டாலும் டயரின் ஆயுள் குறைந்துவிடாது.

மகேந்திரா சிட்டி மாதிரி இடங்களில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை வெயிலில்தான் பார்க்கிங். பாலிஷ் காக்குமா? டயருக்குள் கலந்திருக்கும் பொருட்களே முதல் காவல். முடிந்தவரை நிழல், சரியான காற்று, வாரத்தில் ஓரிரு நாளாவது ஓட்டம் ஆகிய மூன்றும் பாலிஷைவிட நன்றாகக் காக்கும்.

மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கம் கடற்கரைக்குப் போய் வந்தால்? உப்பும் மணலும் டயரைவிட வீலையும் நட்டையும் பிரேக்கையும்தான் அதிகம் பாதிக்கும். வீடு வந்ததும் நல்ல தண்ணீரால் அலசிவிடுங்கள். மணல் ஒட்டிய டயரின் மேல் பாலிஷ் போட்டால் உப்புக் காகிதம் மாதிரிதான் இருக்கும்.

பளபளப்பே வராத பாலிஷ் போலியா? இல்லை. அடங்கிய கறுப்பு தருவதுதான் தண்ணீர் வகையின் இயல்பு. உண்மையில் புது டயரும் அப்படித்தான் இருக்கும். கண்ணாடி மாதிரி மின்னாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை "டயர் பாலிஷ் போட்டுடவா சார்?" என்று கேட்கும்போது, "ஒரு நிமிஷம் இருங்க தம்பி" என்று சொல்லிவிட்டுக் காரை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். நான்கு இலக்கம், பட்டன், விரிசல், புடைப்பு, காற்று. எல்லாம் சரியாக இருந்தால் தாராளமாகப் போடச் சொல்லுங்கள். ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் பாலிஷுக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடித்துக்கொண்டு, நேராக டயர் கடைக்கு வண்டியை விடுங்கள்.